பல்லுக்குக் கிளிப்: வாசகர் கேள்விகளும் பல் சீரமைப்பு மருத்துவரின் பதில்களும்

பல்லுக்குக் கிளிப் போடுவது குறித்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு எழுதப்பட்டவை. கோடை விடுமுறை வந்த பிறகுதான் நம் ஊர்ப் பெற்றோருக்குப் பிள்ளைகளின் பல் வரிசையை நிதானமாகப் பார்க்க நேரம் கிடைக்கிறது போலும். ஒரே பொருளைப் பற்றிய கடிதங்களைச் சேர்த்து, ஒருவருடைய கேள்வியாகச் சுருக்கிக் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. மேல்பற்களும் கீழ்ப்பற்களும் எத்திக்கொண்டு, உதடு முழுமையாக மூடாமல் இருக்கிறது. கிளிப் போடுவதற்கு முன் நான்கு பற்களை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்கிறார். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று என் மாமியார் பிடிவாதமாக மறுக்கிறார். சொத்தையே இல்லாத பல்லை எடுப்பது நியாயமா?
— வாசகி, கரூர்

முதலில் உங்கள் மாமியாரின் அச்சத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவரை அலட்சியப்படுத்த வேண்டாம்; படித்தவர்களும் இதைக் கேட்டுவிட்டுத்தான் சிகிச்சை நாற்காலியில் உட்காருகிறார்கள். பார்வைக்கான நரம்பு கண்ணின் பின்புறத்திலிருந்து மூளைக்குச் செல்வது. மேல்பற்களுக்கு உணர்ச்சி தருவது அதனோடு தொடர்பில்லாத, முகத்துக்குரிய வேறொரு நரம்பின் கிளை. அந்தக் கிளையின் ஒரு பிரிவு கீழ் இமையின் தோலுக்கும் போகிறது என்பதால், மேல்தாடையில் மரத்துப்போகும் ஊசி போடும்போது சில சமயம் கண்ணுக்குக் கீழே வரை மரத்துவிடும். மேல் கோரைப்பல்லின் வேரில் சீழ் பிடித்தாலும் கண்ணையொட்டி முகம் வீங்குவதுண்டு. இவற்றையெல்லாம் பார்த்த முன்னோர், பல்லுக்கும் கண்ணுக்கும் முடிச்சுப் போட்டதில் வியப்பில்லை. ஆனால் பல்லை எடுப்பதால் பார்வை கெடுவதில்லை என்பதை உறுதியாகச் சொல்லலாம்.

இனி, நல்ல பல்லை எடுப்பது பற்றி. தாடையில் இருக்கும் இடத்தை, எல்லாப் பற்களின் அகலத்தையும் கூட்டிய அளவோடு ஒப்பிட்டு எவ்வளவு இடம் குறைகிறது என்று அளப்பதுதான் இதில் முதல் வேலை. பற்றாக்குறை 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பல் எடுக்க வேண்டிய தேவை அரிதாகவே வரும். பற்களின் பக்கவாட்டில் எனாமலை இழை இழையாகத் தேய்த்தோ, பல் வளைவைச் சற்று விரித்தோ சமாளித்துவிடலாம். 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் பெரும்பாலும் எடுக்க வேண்டியிருக்கும். இடைப்பட்ட அளவுகளில்தான் மருத்துவருக்கு மருத்துவர் கருத்து மாறும். அங்கே முகத்தின் பக்கத்தோற்றமும் உதடு மூடும் விதமும் முடிவைத் தீர்மானிக்கின்றன. உங்கள் மகளுக்கு இருப்பதுபோல இரு வரிசைகளும் முன்தள்ளியிருக்கும் நிலை நம் பகுதியில் மிகவும் காணப்படுவது. முன்பற்களைப் பின்னுக்குக் கொண்டுவர வேண்டுமானால் அவற்றுக்குப் பின்னால் இடம் வேண்டும். ஆகவே கோரைப்பல்லை அடுத்துள்ள முன்கடைவாய்ப்பல்லை நான்கு பக்கமும் எடுக்கிறோம். அந்த இடத்தைக் கடைசியில் பக்கத்துப் பற்கள் நிரப்பிக்கொள்வதால் ஓட்டையாகத் தெரியாது. மெல்லும் திறனும் குறையாது.

இது நேற்று தொடங்கிய வாக்குவாதமும் இல்லை. நவீனப் பல் சீரமைப்பின் தந்தையாகக் கருதப்படும் அமெரிக்கர் எட்வர்ட் ஆங்கிள் எந்தப் பல்லையும் எடுக்கக் கூடாது என்று கடைசிவரை வாதிட்டவர். அவருடைய மாணவரான சார்லஸ் ட்வீட், குருவின் முறைப்படி சிகிச்சை பெற்ற பலருக்குப் பற்கள் மறுபடியும் எத்திக்கொண்டதைக் கண்டு, முன்கடைவாய்ப்பற்களை எடுத்து மறுசிகிச்சை செய்து, 1940களில் அந்தத் துறையையே திருப்பிப் போட்டார். எல்லோருக்கும் எடுக்க வேண்டும் என்பதும் தவறு, யாருக்குமே கூடாது என்பதும் தவறு என்பதுதான் இன்றைய நிலை. இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே, பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரே, பல் வரிசையின் அச்சு மாதிரி ஆகிய மூன்றையும் எடுத்துவைத்து, எத்தனை மில்லிமீட்டர் இடம் தேவை என்று விளக்கச் சொல்லுங்கள். அளந்து சொல்பவரின் முடிவை நம்பலாம். வாயைப் பார்த்த மாத்திரத்தில் “நான்கு பல்லை எடுத்துவிடலாம்” என்று சொன்னால் இன்னொருவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 27, ஐடி நிறுவனத்தில் வேலை. ஒரு மருத்துவர் இரண்டு ஆண்டு ஆகும் என்கிறார். வேறொரு கிளினிக்கில் ஆறே மாதத்தில் முடித்துத் தருவதாக விளம்பரம் செய்கிறார்கள். அடுத்த ஆண்டு திருமணம் இருப்பதால் கேட்கிறேன். வேகமாக முறுக்கி இழுத்தால் சீக்கிரம் நகராதா?
— வாசகர், திருச்சி

கம்பி பல்லை இழுக்கிறது என்று நாம் பேசுவதே ஒரு குழப்பத்தை உண்டாக்குகிறது. மண்ணில் நட்ட முளைக்குச்சியைக் கயிறு கட்டி இழுப்பதுபோல அல்ல அது. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் தடிமனில் மெல்லிய தசைநார்ப் படலம் ஒன்று இருக்கிறது. கம்பியின் மெல்லிய அழுத்தம் தொடர்ந்து கிடைக்கும்போது, அழுந்தும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து எலும்பை அரிக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் எலும்பைக் கட்டும் செல்கள் வந்து, பல் விட்டுச்சென்ற இடத்தை நிரப்புகின்றன. பல் நகர்வது என்பது இந்த இரண்டு வேலைகளும் கைகோத்து நடப்பதுதான். அதன் வேகத்தை உங்கள் எலும்புதான் தீர்மானிக்கிறது, மருத்துவரின் கை அல்ல.

அழுத்தம் அதிகமானால் என்ன ஆகும் என்றால், அந்த மெல்லிய படலத்துக்கு வரும் இரத்த ஓட்டம் நின்று, அங்குள்ள செல்கள் மடிந்துவிடும். கரைக்கும் வேலையைச் செய்ய ஆள் இல்லாமல் பல் அப்படியே நின்றுபோகும். மடிந்த பகுதியை உடல் அப்புறப்படுத்தி முடிக்கும்வரை வாரக்கணக்கில் நகராது. முறுக்க முறுக்கத் தாமதமாகும் வேலை இது. அதோடு, மிகையான அழுத்தமும் மிக நீண்ட சிகிச்சையும் பல் வேரின் நுனியைக் கரைத்துக் குட்டையாக்கும் காரணங்களில் முக்கியமானவை. வேர் நுனி மிகச் சிறிதளவு தேய்வது கிளிப் போட்ட பலருக்கும் நேர்வதுதான், அதனால் தொல்லை வருவதில்லை. ஆனால் சிலருக்கு அது கணிசமாகிவிடக்கூடும் என்பதால்தான் சிகிச்சையின் நடுவில் மறுபடியும் எக்ஸ்ரே எடுக்கிறோம்.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். இடத்தை மூடும் கட்டத்தில் பல் மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் நல்ல வேகம். எடுத்த முன்கடைவாய்ப்பல்லின் அகலம் சுமார் 7 மில்லிமீட்டர். அதற்கு முன் கோணல் மாணலான பற்களை நேராக்க நான்கைந்து மாதம், அதற்குப் பின் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தக் கடிப்பதற்கான நுண்திருத்தத்துக்கு இன்னும் சில மாதம். நடுவில், கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு பிடியான பிராக்கெட் இரண்டு முறை பெயர்ந்து, நீங்கள் வேலை நெருக்கடியில் ஒரு மாதம் வராமல் இருந்தால் இரண்டு ஆண்டு என்பது நியாயமான மதிப்பீடுதான். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை வரச்சொல்வதும் இதே காரணத்தால்தான். செல்கள் வேலை செய்ய அந்த அவகாசம் தேவை. வாராவாரம் வந்து நின்றாலும் பல் கூடுதலாக நகரப்போவதில்லை.

ஆறு மாதத்தில் முடிக்கிறார்களே என்றால், முன்னால் தெரியும் ஆறு பற்களை மட்டும் நேராக்கி, கடிக்கும் பொருத்தத்தைத் தொடாமல் விடும் சிகிச்சை அது. முன்பற்களில் சிறிய கோணல் மட்டுமே இருப்பவருக்கு அது போதுமானதாகவும் இருக்கலாம். விளம்பரத்தில் இருப்பது பொய் என்று சொல்ல மாட்டேன். உங்களுக்கு எது தேவை என்பது இரண்டு மருத்துவர்களும் உங்கள் கடிப்பைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதைப் பொறுத்தது. கடிதத்தில் அதைக் குறிப்பிடவில்லை. திருமணத்துக்காகத்தான் என்றால் ஒரு வழி உண்டு: முகூர்த்தத்துக்கு ஓரிரு நாள் முன்பு முன்பற்களில் மட்டும் பிராக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பிறகு மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். என்னிடம் வந்த மணமக்கள் சிலருக்கு நானே அப்படிச் செய்திருக்கிறேன். புகைப்படத்தில் யாருக்கும் தெரியவில்லை.

கேள்வி: அடுத்த வாரம் கிளிப் மாட்டப்போகிறார்கள். கடைவாய்ப்பற்களுக்கு நடுவே நீல நிற ரப்பர் வளையங்களைச் செருகி அனுப்பியிருக்கிறார்கள், அதுவே வலிக்கிறது. முதல் வாரத்தை எப்படித் தாண்டுவது? விடுதியில் தங்கிப் படிக்கிறேன்.
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

அந்த வளையங்கள் கடைவாய்ப்பல்லில் உலோகப் பட்டை மாட்டுவதற்கு இடுக்கு உண்டாக்குபவை. சாப்பாட்டுத் துணுக்கு எப்போதும் சிக்கியிருப்பதுபோலத் தோன்றும். ஒரு வாரத்துக்குள் எடுத்துவிடுவார்கள். தானாக விழுந்துவிட்டால் மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். அந்த இடத்தில் பல்குச்சி விட்டுக் குடைய வேண்டாம்.

கிளிப் மாட்டும்போது வலிக்காது. பல்லில் ஒரு திரவம் தடவி, கழுவி, பசை வைத்து நீல ஒளியில் இறுக்குவார்கள், அவ்வளவுதான். வலி சில மணி நேரம் கழித்துத் தொடங்கி, மறுநாள் உச்சத்துக்குப் போய், மூன்றாம் நாளிலிருந்து குறைந்து, ஒரு வாரத்தில் அடங்கும். அது பல்வலி போலக் குத்தாது; கடிக்கும்போது பல் பலவீனமாக இருப்பதுபோன்ற நோவு. பற்கள் இலேசாக ஆடுவதும் இயல்பே. பாராசிட்டமால் பொருந்தாதவராக இல்லாவிட்டால் அதையே மருத்துவர் சொன்ன அளவில் போட்டுக்கொள்ளலாம். ஐபுப்ரோஃபன் வகை மாத்திரைகளை நாள்கணக்கில் தொடர்வதை நாங்கள் விரும்புவதில்லை. வலியை உண்டாக்கும் அதே வேதிப்பொருள்தான் எலும்பைக் கரைக்கும் செல்களையும் தூண்டுகிறது என்பதால், தொடர்ந்து அதை அடக்குவது பல் நகர்வையும் மந்தமாக்கக்கூடும்.

விடுதிச் சாப்பாட்டில் இட்லி, தயிர்சாதம், ரசம் விட்டுப் பிசைந்த சாதம், பொங்கல் இவற்றோடு முதல் நான்கு நாள் தாக்குப்பிடிக்கலாம். சப்பாத்தி கொஞ்ச நாள் வேண்டாம். வலியைவிடக் கன்னத்தின் உட்புறத்திலும் உதட்டிலும் வரும் புண்தான் பலரை அழவைக்கிறது. உங்களுக்குக் கொடுத்திருக்கும் மெழுகிலிருந்து பட்டாணி அளவு கிள்ளி உருட்டி, உறுத்தும் பிராக்கெட்டை ஈரம் போகத் துடைத்துவிட்டு அதன்மேல் அழுத்தி வையுங்கள். வெதுவெதுப்பான உப்பு நீரால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை கொப்பளியுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் கன்னத்தின் உட்தோல் பழகிவிடும். கம்பி முனை கடைவாயில் குத்தினால், பென்சிலின் பின்னால் உள்ள ரப்பரைக் கழுவி, அதனால் முனையை மெதுவாக உள்பக்கம் தள்ளி மெழுகு வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். நகவெட்டியைக் கொண்டு நீங்களே வெட்டாதீர்கள். துண்டு தொண்டைக்குள் போய்விடும்.

கேள்வி: பதினான்கு வயது மகனுக்குக் கிளிப் போட்டு எட்டு மாதமாகிறது. பொங்கலுக்குக் கரும்பு, தீபாவளிக்கு முறுக்கு என்று மூன்று தடவை பிராக்கெட் பெயர்ந்துவிட்டது. ஈறும் வீங்கியிருக்கிறது. மாட்டச் சொன்ன ரப்பரை வேறு கழற்றி வைத்துவிடுகிறான்.
— வாசகி, மதுரை

கரும்பைச் சாறாகத்தான் குடிக்க வேண்டும். அதற்கு மாற்று வழி எனக்குத் தெரியாது. முறுக்கு, தட்டை, சீடை, கடலை மிட்டாய், ஐஸ் கட்டி, நல்லி எலும்பு இவையெல்லாம் பிராக்கெட்டைப் பெயர்ப்பவை. ஜவ்வு மிட்டாயும் சூயிங்கமும் கம்பியோடு சேர்த்து இழுப்பவை. கொய்யா, ஆப்பிள், மாங்காய் போன்றவற்றைச் சிறு துண்டாக நறுக்கிக் கொடுத்தால் போதும். பெயர்ந்த ஒவ்வொரு முறையும் அந்தப் பல் பின்வாங்கிவிடுவதால், சில வார உழைப்பு வீணாகிறது என்பதை அவனிடம் கணக்காகச் சொல்லுங்கள். திட்டுவதைவிட அது வேலை செய்யும்.

வீங்கிய ஈறுதான் எனக்குக் கூடுதல் கவலையைத் தருகிறது. பிராக்கெட்டைச் சுற்றிப் படியும் அழுக்கை அகற்றாவிட்டால், ஒரு மாதத்துக்குள்ளேயே எனாமலில் சுண்ணம் கரைந்து வெள்ளைத் திட்டு விழத் தொடங்கும். பல் நேராகி, கிளிப்பைக் கழற்றும் அன்று ஒவ்வொரு பல்லிலும் சதுரமாக வெள்ளைத் தழும்பு இருப்பதைப் பார்த்துத் தாய்மார்கள் கலங்கியதைக் கண்டிருக்கிறேன். சாப்பிட்ட ஒவ்வொரு முறையும், முடியாவிட்டால் காலையும் இரவும் கட்டாயமாக, கம்பிக்கு மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை என ஃபுளோரைடு பற்பசையால் துலக்க வேண்டும். கம்பிக்கு அடியில் நுழையும் குட்டித் தூரிகை மருந்துக் கடையில் கிடைக்கிறது. 0.05 சதவீத சோடியம் ஃபுளோரைடு கொப்பளிப்பு நீரையும் மருத்துவரைக் கேட்டுப் பயன்படுத்தலாம். பாட்டில் குளிர்பானத்தை நிறுத்திவிடுங்கள்.

ரப்பர் விஷயத்தில் ஒரு வார்த்தை. மேல்தாடைப் பற்களையும் கீழ்த்தாடைப் பற்களையும் ஒன்றோடொன்று பொருத்தும் வேலையைக் கம்பி தனியாகச் செய்யாது. அதை அந்தச் சிறிய வளையங்கள்தான் செய்கின்றன. ஒரு நாளில் 20 மணி நேரத்துக்கு மேல் மாட்டியிருக்கச் சொல்வார்கள். ஒரு நாள் விட்டுவிட்டு மறுநாள் இரண்டு ரப்பராகப் போடுவது ஈடாகாது; அழுத்தம் கூடினால் என்ன ஆகும் என்பதைத் திருச்சி வாசகருக்கு எழுதிய பதிலில் பாருங்கள்.

இன்னொன்று: கம்பியைக் கட்டும் நிறமற்ற ரப்பர் வளையங்களை நம் வீடுகளில் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரே சாம்பாரில் மஞ்சளாகிவிடும்.

கேள்வி: என் மகன் நாகஸ்வரம் பயில்கிறான். கிளிப் போட்டால் வாசிப்பு போய்விடுமா?
— வாசகர், கும்பகோணம்

போய்விடாது, தடுமாறும். சீவாளியை உதடுகளால் கவ்வி வாசிக்கும்போது, உதட்டின் உட்புறம் முன்பற்களின் மீது அழுந்துகிறது. அங்கே பிராக்கெட் இருந்தால் முதல் சில வாரம் புண்ணாகும், காற்றின் பிடியும் மாறியதுபோலத் தோன்றும். மெழுகோ, உதட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே வைக்கும் மெல்லிய காப்புறையோ வைத்துக்கொண்டு, சாதக நேரத்தைக் குறைத்துத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம். பற்களின் பின்புறம் ஒட்டும் கிளிப் வெளியே தெரியாதே என்று சிலர் பரிந்துரைக்கலாம்; நாகஸ்வரக்காரருக்கு அதை நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் ஸ்வரங்களை நாக்கால் தட்டி வாசிக்கும் துத்துக்காரம் முழுவதும் நாக்கின் வேலை, நாக்கு உரசும் இடத்தில் உலோகம் இருந்தால் அதுவே புதிய இடைஞ்சல். பல் வரிசையின் மேல் உறைபோலக் கழற்றி மாட்டும் அலைனர் அவனுடைய பல்லுக்குப் பொருந்துமானால் வசதி. எதுவானாலும் முக்கியமான கச்சேரிக்கோ தேர்வுக்கோ முந்தைய இரண்டு மாதத்துக்குள் தொடங்க வேண்டாம். கிளிப்பைக் கழற்றும்போதும் இதேபோல மறுபடி பழக வேண்டியிருக்கும் என்பதை அவனுடைய ஆசிரியரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கேள்வி: அலைனர் என்கிற கண்ணுக்குத் தெரியாத கிளிப் உண்மையிலேயே வேலை செய்கிறதா?
— வாசகி, சென்னை

செய்கிறது, மாட்டியிருக்கும் நேரமெல்லாம். ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். ஒவ்வொரு உறையும் பல்லைச் சுமார் கால் மில்லிமீட்டர் நகர்த்தும், ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு முறை அடுத்த உறைக்கு மாறுவீர்கள். தண்ணீரைத் தவிர எதைக் குடித்தாலும் கழற்ற வேண்டும், வாயைக் கொப்பளித்துவிட்டே மாட்ட வேண்டும். அலுவலகத்தில் நாளைக்கு ஐந்து காபி குடிப்பவர் முதலில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். பற்களின் மீது பல் நிறத்தில் சிறு மேடுகள் ஒட்டப்படும் என்பதால் முற்றிலும் தெரியாது என்பதும் சரியல்ல. வேரோடு சேர்த்து வெகுதூரம் நகர்த்த வேண்டிய சிகிச்சைகளில் இன்னமும் கம்பிதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. எக்ஸ்ரே எடுக்காமல், யாரும் வாயைப் பரிசோதிக்காமல், வீட்டுக்கே அனுப்பிவைக்கும் உறைகளை வாங்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 49 வயது. முன்பற்கள் விலகி இடைவெளி விழுந்துவிட்டது. இந்த வயதில் கிளிப் போடலாமா?
— வாசகி, கோயம்புத்தூர்

வயது தடையில்லை. ஆனால் இத்தனை ஆண்டு நெருக்கமாக இருந்த பற்கள் இப்போது விலகுவது ஏன் என்பதை முதலில் பார்க்க வேண்டும். இந்த வயதில் அதற்குப் பெரும்பாலும் ஈறு நோய்தான் காரணம். பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்து இறங்கியிருக்கும். அழற்சி இருக்கும்போது பல்லை நகர்த்தினால் எஞ்சிய எலும்பும் போய்விடும். ஈறு மருத்துவரிடம் சிகிச்சை பெற்று, இரத்தக் கசிவு நின்று, சர்க்கரை இருந்தால் அதுவும் கட்டுக்குள் வந்த பிறகு, மென்மையான அழுத்தத்தில் தாராளமாகச் சீரமைக்கலாம்; நடுநடுவே ஈறுகளைச் சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

எலும்பு மெலிவுக்கு அலெண்ட்ரோனேட் மாத்திரையோ சோலெட்ரோனிக் ஆசிட் ஊசியோ எடுத்திருந்தால், எத்தனை ஆண்டுக்கு முன்பாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். எலும்பு கரைவதைத் தடுப்பதே அம்மருந்துகளின் வேலை. பல் நகரவோ எலும்பு கரைய வேண்டும். அவை எலும்பிலேயே நெடுங்காலம் தங்கிவிடுவதால், பல் எடுப்பது உட்படச் சிகிச்சைத் திட்டத்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: தெத்துப்பல் இருந்தால் அதிர்ஷ்டம் என்கிறார்கள். அதைச் சரிசெய்யத்தான் வேண்டுமா?
— வாசகி, புதுச்சேரி

அதிர்ஷ்டத்தைப் பற்றி நான் கருத்துச் சொல்வதற்கில்லை. தூரிகை எட்டுகிறது, ஈறு நன்றாக இருக்கிறது, கடிப்பதில் தொல்லையில்லை, உங்களுக்கும் அது பிடித்திருக்கிறது என்றால் விட்டுவிடலாம்.

கேள்வி: செலவைச் சமாளிக்க வழி உண்டா? யாரிடம் போவது?
— வாசகர், விழுப்புரம்

பி.டி.எஸ். படிப்புக்குப் பின் பல் சீரமைப்பில் மூன்று ஆண்டு எம்.டி.எஸ். முடித்தவரிடம் போங்கள். பல் மருத்துவக் கல்லூரிகளில் அத்துறையின் பட்டமேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் சிகிச்சை செய்கிறார்கள். செலவு வெளியில் ஆவதைவிட மிகக் குறைவு, காத்திருப்பு அதிகம். சென்னையில் 1953இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் இந்தத் துறை உண்டு. தனியாரிடம் போவதானால், சொல்லும் தொகையில் எக்ஸ்ரே, பல் எடுப்பது, பெயர்ந்த பிராக்கெட்டை ஒட்டுவது, நேரான பல் வரிசை கலையாமல் பிடித்துவைக்க முடிவில் தரும் ரிடெய்னர் எல்லாம் அடக்கமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விட்டுப்போவது பெரும்பாலும் கடைசியில் சொன்னதுதான்.

கேள்வி: பள்ளியில் படிக்கும்போது கிளிப் போட்டு வரிசை அழகாக வந்தது. இப்போது எனக்கு 31 வயது. கீழ் முன்பற்கள் மறுபடியும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. ஞானப்பல் தள்ளியதுதான் காரணமா? அன்று செய்த சிகிச்சை தவறா?
— வாசகர், சேலம்

ரிடெய்னரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை என்பதே என் ஐயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறது. கிளிப்பைக் கழற்றும் நாளில் எலும்பு இன்னும் முழுமையாகக் கெட்டிப்படவில்லை. ஈறுக்குள் பல்லின் கழுத்தைச் சுற்றியிருக்கும் நார்களோ இழுத்துக் கட்டிய ரப்பர் போலப் பழைய இடத்தை நோக்கியே இழுத்துக்கொண்டிருக்கும். அவை புதிய இடத்துக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்ள ஓர் ஆண்டுவரை ஆகலாம். அதனால்தான் முதல் மாதங்களில் நாள் முழுவதும், பிறகு இரவில் மட்டும் என்று ரிடெய்னரை மாட்டச் சொல்கிறோம். இவை தவிர, கிளிப்பே போடாதவருக்கும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்குவது இயற்கை. ஞானப்பல்லின்மீது பழியைப் போடுவது பரவலான வழக்கம்; ஞானப்பல்லே முளைக்காதவர்களுக்கும் இதே நெருக்கம் வருகிறது. ஆகவே அன்றைய சிகிச்சையைக் குறை சொல்ல முடியாது.

என் நோயாளிகளின் ரிடெய்னர்கள் போன இடங்களை எழுதினால் அதுவே தனிக் கட்டுரையாகும்: ஓட்டலில் டிஷ்யூ தாளில் சுற்றிவைத்து இலையோடு எறிந்தது, கொதிநீரில் கழுவி உருமாறியது, நாய் கடித்தது.

உங்களுக்கு இருப்பது சிறு நெருக்கம் என்றால், சில மாத அலைனரோ கீழ்வரிசைக்கு மட்டும் கம்பியோ போதும். முடிந்த பின் பற்களின் பின்புறத்தில் மெல்லிய கம்பியை நிரந்தரமாக ஒட்டச் சொல்லுங்கள்; அங்கே காரை படியும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்ய வேண்டும். பழைய ரிடெய்னர் வீட்டில் எங்காவது கிடைத்தால் இன்றிரவே மாட்டிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தாலும் முழுமையாக உட்கார்ந்தால், மருத்துவரைப் பார்க்கும்வரை இரவுதோறும் அதையே மாட்டிக்கொள்ளலாம். அழுத்தித்தான் உட்காரவைக்க வேண்டும் என்றால் வேண்டாம், அதைப் பெட்டியில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.